விடுப்புக்கு முந்தைய எட்டு மாதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் டவுனில், கடைவீட்டு மாடியில் இருக்கும் ஓர் ஆபீசில் இருபது வருடத்துக்கு மேலாகக் கணக்கெழுதுகிறேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரிகளின் பில்லைப் பதிவதுதான் எங்கள் வேலை. பக்கத்து மேசைப் பெண் கர்ப்பமாக இருக்கிறாள், அவளுக்கு இது ஏழாவது மாதம்.

அவளுடைய நாற்காலி உயர்த்திய இடத்தில் நிற்பதில்லை. உட்கார்ந்த அரை மணி நேரத்தில் மெல்ல இறங்கிவிடும், மேசை அவள் நெஞ்சுக்கு வந்துவிடும். ஒரு கையை மேசையில் ஊன்றி, மறு கையால் வயிற்றைத் தாங்கி எழுந்து, திரும்ப உயர்த்திவிட்டு உட்காருவாள். ஒருநாள் எண்ணினேன், மதியச் சாப்பாட்டுக்குள் 7 தடவை. உயர்த்தினால் கால் தரைக்கு எட்டாது, அதனால் கீழே ஒரு காகிதப் பெட்டி. சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் புறங்காலில் வார் பதிந்த இடம் பள்ளமாக இருக்கும்.

மேனேஜரிடம் சொன்னேன். “இன்னும் ரெண்டு மாசம்தானே, அப்புறம் லீவுல போயிடுவா” என்றார். கெட்ட மனிதர் இல்லை. ஒரு நாற்காலியைப் பெரிய விஷயமாக அவர் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

அவள் வீட்டிலும் இதே பேச்சுதான். “நாங்கெல்லாம் எட்டு மாசம் வரைக்கும் பால் மரம் வெட்டினோம், ஏர்கோன்ல உட்கார்ந்திருக்க உனக்கென்ன?” என்று மாமியார் கேட்டிருக்கிறார். என் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்தான், அந்தக் கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உட்கார்ந்தே இருப்பது வேறு வகைக் கஷ்டம். கர்ப்ப காலத்தில் மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்கள் தளர்ந்துபோகும், வயிறு உடம்பை முன்னால் இழுக்கும். முதுகுக்கு அண்டை இல்லாவிட்டால் அத்தனை பாரமும் இடுப்பில்தான் இறங்கும். அசையாமல் இருந்தால் கால் வீங்கும். காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் மற்றவர்களைவிடக் கர்ப்பிணிகளுக்கு அதிகம்.

மலேசியாவில் 2023 ஜனவரி முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. நல்ல காரியம், எல்லாருக்கும் தெரிந்தும் இருக்கிறது. ஆனால் பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்னால் அந்த விடுப்பைத் தொடங்க முடியாது. அப்படியென்றால் ஏறக்குறைய எட்டு மாதம் அவள் இந்த நாற்காலியில்தானே இருக்கிறாள்? அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 1994-லேயே வந்தது. 2024 ஜூன் 1 முதல், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பைக் கவனிக்க ஒருவரை நியமிக்க வேண்டும். ஹெல்மெட்டும் தீயணைப்புக் கருவியும் மட்டும் பாதுகாப்பு இல்லை, நாற்காலியும் அதில் சேர்ந்ததுதான். அந்தப் பொறுப்பில் இருப்பவர் கர்ப்பிணியின் மேசைப் பக்கம் ஒரு தடவை வந்து பார்க்கட்டும். நாற்காலி இறங்காமல் நிற்கிறதா, இடுப்பைத் தாங்குகிறதா, எழும்போது ஊன்றக் கைப்பிடி உண்டா, பாதம் முழுக்கத் தரையிலோ பலகையிலோ படிகிறதா? வயிறு பெரிதாகப் பெரிதாக மேசைக்கும் அவளுக்கும் இடைவெளி கூடும், கீபோர்டை எட்டிக் குனிய வேண்டிவரும். அதனால் மூன்றாம் மாதம் பார்த்தது ஏழாம் மாதத்துக்கு ஆகாது. என்ன நாற்காலி கொடுத்தாலும் அரை மணிக்கொரு தரம் எழுந்து நாலு அடி நடக்கவும் விட வேண்டும். தண்ணீர் பிடிக்க எழுந்தால்கூட “மறுபடியும் எங்கே?” என்று கேட்கும் ஆபீஸ்கள் இருக்கின்றன.

போன வாரம் என் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன். “வேணாம்க்கா, பாஸ் பார்த்தா என்னால வேலை செய்ய முடியலன்னு நினைச்சுக்குவார்” என்று திருப்பித் தள்ளிவிட்டாள். இதுதான் என்னை எழுத வைத்தது. அவளாக ஒரு நாளும் கேட்க மாட்டாள். முதலாளிமார்களே, கிளினிக்கில் பதிந்துவிட்டு வந்து ஒரு பெண் உங்களிடம் விஷயத்தைச் சொல்லும் அன்றைக்கே, “நாற்காலி சரியாக இருக்கிறதாம்மா?” என்று நீங்களே கேளுங்கள்.

இப்படிக்கு,
வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்