அந்த நெகட்டிவ்களைக் கேட்டு வாங்குங்கள்

அமெரிக்காவில் ஃபிளாட் டிராக் என்னும் மண் தட மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்துவோருக்கும், மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் கண்காட்சித் திடலில், ஒரு மைல் சுற்றளவுள்ள அந்த மண் தடத்தின் வளைவு ஓரமாக நின்று, 1980களின் இறுதியில் உள்ளூர் வார இதழ் ஒன்றுக்குப் படமெடுத்தவன் நான். இப்போதும் ஈரமண் வாசனை வந்தால் கை தானாகக் கேமராவைத் தேடுகிறது.

நேர்பாதை முடியும் இடத்தில் பந்தய வீரர்கள் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டி வருவார்கள். முன்சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது. பின்சக்கரத்தை வழுக்கவிட்டு, கைப்பிடியை வலப்பக்கம் ஒடித்தபடியே இடப்பக்கம் திரும்புவார்கள். இடது பூட்ஸின் அடியில் கட்டிய இரும்புத் தகடு மண்ணை உரசிக்கொண்டே வரும். டயர் ரப்பர் படிந்து கறுத்துப்போன பாதையில் ஓர் இடத்தைத் தேர்ந்து, முன்கூட்டியே அங்கே ஃபோகஸ் வைத்துக் காத்திருப்பேன். ஷட்டர் வேகம் நொடியில் 125இல் ஒரு பங்கு. வண்டியோடு சேர்ந்து உடம்பையும் திருப்பினால் சக்கரக் கம்பிகள் கரைந்து, ஓட்டுபவரின் கண் மட்டும் கூர்மையாக நிற்கும். ஒரு பிலிம் சுருளுக்கு 36 படங்கள். ஒருமுறை கடைசிச் சுற்றில் நால்வர் ஒரே கொத்தாக வந்தபோது என் சுருள் தீர்ந்திருந்தது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

வெற்றிக் கணக்குகள் உங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. பந்தய வீரர் ஸ்காட் பார்க்கரின் 9 சாம்பியன் பட்டங்களையும் 94 வெற்றிகளையும் யாரும் மறக்கப்போவதில்லை. 1975இல் இண்டியானாபொலிஸ் மைல் என்ற பந்தயத்தில் கென்னி ராபர்ட்ஸ் நான்கு சிலிண்டர் யமஹாவில் வென்ற கதையும் அப்படித்தான். அத்தகைய வண்டிக்குப் பின்னர் தடை வந்துவிட்டதால், பந்தயத்தில் அதை மறுபடி படமெடுக்க வாய்ப்பே இல்லாமல் போனது. கலிபோர்னியாவின் அஸ்காட் பார்க் பந்தயத் தடமும் 1990இல் மூடப்பட்டது. அங்கே இனி யார் போய் நிற்க முடியும்?

என் கவலை வெற்றியாளர்களைப் பற்றியது அல்ல. தகுதிச் சுற்றிலேயே வெளியேறியவர்கள், வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஹார்லி எக்ஸ்ஆர்-750 பந்தய வண்டியின் இன்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த அப்பாக்கள், ஸ்டாப்வாட்ச் பிடித்த மனைவியர் ஆகியோரின் முகங்கள் எங்களைப் போன்றோர் வீட்டுச் செருப்புப் பெட்டிகளில்தான் கிடக்கின்றன. பழைய அசிடேட் பிலிம் கெடத் தொடங்கினால் புளித்த காடி நாற்றம் அடிக்கும். என் பெட்டிகளில் ஒன்றைச் சென்ற மாதம் திறந்தபோது அந்த நாற்றம் வந்தது.

ஆகவே கேட்கிறேன். பந்தயம் நடக்கும் வார இறுதிகளில் ஒரு மேசை போடுங்கள், ஒரு ஸ்கேனர் வையுங்கள். பழைய படக்காரர்களை நெகட்டிவ்களோடு வரச்சொல்லுங்கள். பக்கத்திலேயே அந்தக் கால மெக்கானிக்குகளையும் உட்கார வையுங்கள். முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லக் கூடியவர்கள் அவர்கள்தான். படங்களை உங்களுக்கே கொடுத்துவிடவும் பலர் தயங்கமாட்டார்கள். நான் தயங்கமாட்டேன்.

முதலில் நான் கொண்டுவரப்போவது 1989இல் எடுத்த ஒரு படம். புழுதியில் மண்டியிட்டு, ஓர் இளைஞனின் இரும்புக் காலணிக்கு வார் இறுக்குகிறார் ஒரு முதியவர். இருவர் பெயரும் எனக்குத் தெரியாது. தெரிந்த ஒருவரை அந்த மேசைக்கு அழைத்து வாருங்கள்.

இப்படிக்கு,
பழைய படக்காரன் ஒருவன்