பெட்டிக்குள் வலிக்காது மச்சான்

மச்சான்,

அம்மா முழங்கால் ஆபரேஷன் முடிந்து நடக்க ஆரம்பித்துவிட்டார் என்று எழுதியிருந்தாய், நிம்மதி. உன் சொரியாசிஸ் தோல் நோய்க்கு அடுத்த வாரம் லைட் சிகிச்சை ஆரம்பம், வலிக்குமா என்று கேட்டாயே, பெட்டிக்குள் நிற்கும்போது வலிக்காதுடா. கருப்புக் கண்ணாடி மாட்டி, ஜட்டியோடு, சுற்றிலும் நீலமாய் எரியும் குழல்விளக்குகளுக்கு நடுவே போலீஸில் சிக்கியவன் மாதிரி கையைத் தூக்கி நிற்பாய், முதல் நாட்களில் சட்டென்று முடிந்துவிடும். வலி வந்தால் ராத்திரிதான். அந்த 311 நானோமீட்டர் புறஊதாக் கதிரின் எரிச்சல் உச்சத்துக்குப் போக 12 முதல் 24 மணி நேரம் ஆகும்.

உன் மச்சினன் அனுப்பிய வீடியோவில் ஒருவர் துடிக்கிறாரே, அது வேறு. மருந்து தடவி ஊறவிட்டு அதன்மேல் சிவப்பு லைட் அடிப்பது. அதில் லைட் எரியும்போதே வலிக்கும், குளிர்காற்று ஊதுவார்கள், நடுவில் நிறுத்துவார்கள். உனக்கு அதில்லை.

நான் பட்டதைக் கேள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியில் எங்கள் தெருவே தண்ணீரில் நின்றதில்லையா, எனக்கு நடந்துகொண்டிருந்த இதே லைட் சிகிச்சைக்கு இரண்டு வாரம் போகவில்லை. இப்படி இடைவெளி விட்டால் டோஸை, அதாவது கதிரின் அளவை, குறைக்க வேண்டும். அங்கிருந்தவர் கேட்காமல் பழையதையே வைத்தார், நானும் வாயைத் திறக்கவில்லை, குறைத்தால் ஆறுவது தள்ளிப்போகுமே என்ற பேராசை. அன்று ராத்திரி பனியன் பட்டாலே முதுகில் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி. கவிழ்ந்து படுத்துக் கிடந்தேன், பழைய மல் வேட்டியை நனைத்துப் பிழிந்து வீட்டுக்காரி மேலே போட, அது சூடேறச் சூடேற மாற்றி மாற்றியே விடிந்தது. (ஐஸை நேராக வைக்காதே, அது வேறு புண்ணாகும்.)

அதனால் ஒவ்வொரு முறையும் உள்ளே போகுமுன் சட்டையைக் கழற்றிக் காட்டு. லேசாகச் சிவந்திருந்தால் டோஸை ஏற்ற மாட்டார்கள், தொட்டால் வலிக்கிறது என்றால் அன்று லைட்டே கிடையாது, கொப்புளம் என்றால் உடனே டாக்டருக்குப் போன். புதிதாக எந்த மாத்திரை போட்டாலும் சொல்லிவிடு. மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலுக்குத் தரும் டாக்சிசைக்ளின்கூட வெளிச்சத்துக்குத் தோலைச் சுலபமாக எரியவைக்கும். சாலிசிலிக் களிம்பைப் பூசிக்கொண்டு போகாதே, கதிரைத் தடுத்துவிடும். அப்புறம், சாயங்கால நேரமாகக் கேட்டு வாங்கு. லைட்டும் வாங்கிக்கொண்டு நம்ம ஊர் மத்தியான வெயிலிலும் வருவது தேவையா?

சனிக்கிழமை போன் பண்ணு. வீட்டில் பழைய மல் வேட்டி இருக்கிறதா பார், இல்லையென்றால் என்னுடையதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் பழைய பெஞ்ச்மேட்