டெயில்கேட்டையும் சர்வீஸில் சேருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் சரக்கு லாரியில் வேலை பார்க்கும் பலருக்கு டெயில்கேட், அதாவது லாரியின் பின்பக்கம் ஆயில் அழுத்தத்தில் ஏறி இறங்கும் சரக்குப் பலகை, இல்லாமல் பொழுது ஓடாது. பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் ஏற்றும் காய்கறி, தேக்காவில் இறக்கும் 25 கிலோ அரிசி மூட்டை எல்லாம் அந்தப் பலகை மேல்தான் ஏறி இறங்குகின்றன. ஆனால் லாரியை சர்வீஸுக்கு விட்டால் எஞ்சின் ஆயில், பிரேக், டயர் பார்ப்பதோடு சரி. டெயில்கேட் அடியோடு நின்றுபோனால்தான் ஆளைக் கூப்பிடுகிறார்கள்.

பெரும்பாலும் அது சொல்லாமல் கொள்ளாமல் நிற்பதில்லை. தூக்கும்போது பம்ப் வழக்கத்தைவிடக் கத்தினால் முதலில் டெயில்கேட்டின் ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம், மாற்றாமல் ஓட்டினால் பம்பும் வால்வும் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். சுவிட்சை விட்ட பிறகும் பலகை மெல்லக் கீழே வந்தால் வால்விலோ சிலிண்டர் சீலிலோ கசிவு இருக்கலாம். காலையில் சரக்கு ஏற்றும் முன் வெறும் பலகையை ஒரு தடவை முழுக்க ஏற்றி இறக்கி, கீல் பக்கம் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா, டிராலி உருண்டு விழாமல் தடுக்கும் தகடு நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்த்தாலே இதில் பாதி தெரிந்துவிடும். அப்புறம், லாரியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் கீல்களின் பின்களில் (pin) இருக்கும் கிரீஸும் போய்விடும், திரும்ப அடிக்க வேண்டும். பேட்டரி இறங்கிய நிலையில் சுவிட்சை அழுத்திக்கொண்டே இருந்தால் மோட்டார் சூடேறி எரிந்துபோகும்.

நம் தம்பிகளுக்கு முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். ஆயில் ஓடும் ஹோஸில் (குழாயில்) எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள், ஓர் அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து அழுத்தத்தில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்த்தால் சின்னப் புள்ளிதான், முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது, ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடர வேண்டாம். தூக்கி நிற்கும் பலகைக்கு அடியில், முட்டுக் கொடுக்காமல் தலையை விடவும் வேண்டாம்.

நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியில் பலகை தானாக இறங்குகிறது என்று சொன்னதற்கு, இன்றைக்கு மட்டும் ஓட்டு என்றார்கள். மறுநாளும் அதே பேச்சுதான். அரை டன் சரக்கோடு அது நழுவினால் கீழே நிற்பவன் கால் என்ன ஆகும்? வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006-லேயே வந்துவிட்டது, இயந்திரங்களைப் பாதுகாப்பாக வைத்திருப்பது முதலாளியின் கடமை. பிரேக், டயர் குறிக்கும் அதே படிவத்தில் டெயில்கேட்டுக்கும் ஒரு வரி சேருங்கள், ஓட்டுநர் அதில் ‘சரியில்லை’ என்று எழுதினால் பழுது பார்க்கும்வரை அந்தப் பலகையில் சரக்கு ஏற்றச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
லாரி ஓட்டுநர் ஒருவர்,
ஜூரோங்