சொட்டு மருந்து தர மறுத்த தங்கைக்கும், உங்கள் எல்லோருக்கும்

இடது காதில் போனை வைத்துப் பேச முடிகிறது! புது ஆடியோகிராமில், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தில், கீச்சென்ற ஒலிகள் வரும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் இன்னும் ஒரு பள்ளம், காதுக்குள் இரைச்சலும் முழுசாகப் போகவில்லை, ஆனாலும் கேட்கிறது. ஒரு பெரிய சத்தத்துக்குப் பிறகு இந்தக் காது திடீரென்று கேட்காமல் போனது உங்களுக்கெல்லாம் தெரியும், அதற்குள் போகவில்லை.

முதல் நன்றி அந்த மருந்துக்கடைத் தங்கைக்கு. காது அடைத்திருக்கிறது, அழுக்காக இருக்கும், சொட்டு மருந்து கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்துக் காசை வாங்கிப் போட்டிருக்கலாம், யாரும் குறை சொல்லப் போவதில்லை. அவர் கொடுக்கவில்லை. "பெரிய சத்தம் ஏதாவது கேட்டீங்களா அண்ணா?" என்றார். ஆமாம் என்றதும், வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று இழுக்கச் சொல்லி, எந்தக் காதில் பலமாகக் கேட்கிறது என்று கேட்டார். நல்ல காதில்தான் கேட்டது. அவர் முகமே மாறிவிட்டது. வெறும் அடைப்பென்றால் அடைத்த காதில்தான் பலமாகக் கேட்குமாம். நல்ல காதுக்குப் போனால் உள்காதில் அடிபட்டிருக்கலாம், சொட்டு மருந்து உதவாது, இன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள் என்றார். அப்புறம் ஒரு துண்டுச் சீட்டில் 'திடீரென காது கேட்கவில்லை. பெரிய சத்தத்துக்குப் பிறகு. அவசரம்.' என்று கொட்டை எழுத்தில் எழுதி, வரவேற்பில் இதைக் காட்டினால் போதும் என்று கையில் திணித்தார். அதைப் பார்த்துத்தான் அன்றைக்கே உள்ளே விட்டார்கள்.

அந்த ஒரு நாளின் மதிப்பு டாக்டர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. உள்காதில் ஒலியை உணரும் மயிரிழைச் செல்கள் செத்துவிட்டால் மனிதருக்குத் திரும்ப முளைக்காது. அடிபட்டும் சாகாமல் இருப்பவற்றைக் காப்பாற்றத்தான் ஸ்டீராய்டு, அதையும் முதல் 2 வாரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்கிறார்கள். அப்படியும் எல்லோருக்கும் கேட்கும் திறன் திரும்புவதில்லை. எனக்குத் திரும்பியிருக்கிறது.

மாத்திரையோடு நிறுத்தாமல் செவிப்பறை வழியாக ஊசியும் போட்ட டாக்டருக்கு, ஊசிக்குப் பிறகு எச்சில்கூட விழுங்காமல் ஒருக்களித்துப் படுத்திருந்தபோது கூடவே இருந்த நர்ஸ் அக்காவுக்கு, மாத்திரையால் சர்க்கரை ஏறுகிறதா என்று விடாமல் பார்த்த என் மனைவிக்கு, சொல்லாமலே வலது பக்கம் வந்து பேசிய நண்பர்களுக்கு, எல்லோருக்கும் நன்றி.

இனி ஸ்பீக்கர் அலறும் இடத்துக்குக் காதடைப்பான் இல்லாமல் போகமாட்டேன், பக்கத்தில் நிற்பவருக்கும் ஒரு ஜோடி என் பையில் இருக்கும். சத்தத்துக்குப் பிறகு காது மந்தமாகிவிட்டது, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று உங்களில் யாராவது படுக்கப் போனால், தயவுசெய்து முதலில் என்னைக் கூப்பிடுங்கள். எந்த நேரமானாலும் நானே வந்து கூட்டிப்போகிறேன்.