கணினி எழுதியதைக் காதாலும் சரிபார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தந்தி அலுவலகத்தில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவன் நான். அண்மையில் எங்கள் வட்டாரப் பள்ளி ஒன்றின் அறிவியல் கண்காட்சியில், அமெச்சூர் வானொலிச் செயற்கைக்கோளிலிருந்து (வானொலியைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களுக்கானது) மாணவர்கள் பிடித்த, எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாக ஒலிக்கும் மோர்ஸ் குறிகளைக் கண்டு பெரிதும் மகிழ்ந்தேன். இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினியைப் பார்ப்பதற்காக நம் டெல்டா வீடுகளின் மாடிகளில் ஒரு காலத்தில் நட்டிருந்தோமே, அந்த மீன்முள் ஆன்டெனாவைப் போன்ற ஒன்றைத் தாங்களே செய்து, விரல் அளவுள்ள ரிசீவரை மடிக்கணினியில் செருகி, இலவச மென்பொருளின் துணையுடன் இதைச் சாதித்திருந்தார்கள். மலையோ உயர்ந்த கட்டடமோ இல்லாத நம் வயல்வெளியில் அடிவானம் வரை வானம் திறந்து கிடப்பது இந்த வேலைக்குப் பெரிய வசதி.

அவர்கள் பிடித்தது ஆஸ்கார் 7. 1974 நவம்பரில் ஏவப்பட்டு, 1981இல் மின்கலம் பழுதாகி ஓய்ந்துபோன அது, 2002 ஜூன் மாதம் தானாகவே மீண்டும் பேசத் தொடங்கியது. இன்று மின்கலத்தின் துணையின்றி, வெயில் படும்போது மட்டும் இயங்குகிறது. அந்த வரலாற்றைப் பிள்ளைகள் அழகாக விளக்கினார்கள். ஆனால், பிடித்த குறிகளைக் கணினி எழுத்தாக்கி அச்சிட்ட தாளைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்; அதில் எண்களுக்கு நடுவே 'வி' என்ற ஆங்கில எழுத்து இருந்தது. கேட்டதற்கு, "கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டியது, ஐயா" என்றான் ஒரு மாணவன். அதைப் பற்றித்தான் இக்கடிதம்.

மென்பொருள் மோர்ஸைப் 'புரிந்துகொள்வது' இல்லை. ஒலியில் குறிப்பிட்ட ஒரு சுருதியைத் தேடி, அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று அளக்கிறது. புள்ளி ஒரு மாத்திரை என்றால் கோடு மூன்று மாத்திரை. எழுத்துகளுக்கு இடையே மூன்று, சொற்களுக்கு இடையே ஏழு. கணக்கு இவ்வளவுதான். செயற்கைக்கோள் நம்மை நெருங்கும்போது அது அனுப்பும் 145 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய 3 கிலோஹெர்ட்ஸ் உயர்ந்தும், விலகும்போது அதே அளவு தாழ்ந்தும் கேட்பதால், சுருதி ஓரிடத்தில் நிற்காமல் இறங்கிக்கொண்டே வரும். அத்துடன் செயற்கைக்கோள் சுழல்வதால் ஒலி மங்கி மங்கித் தெளியும். பக்கத்து வயலில் பம்புசெட் மோட்டாரைப் போட்டால் எழும் 'டப்' என்ற ஓசையைக்கூட மென்பொருள் ஒரு புள்ளியாக எண்ணிவிடலாம்.

பதிவை ஓட்டிக் காட்டச் சொன்னேன். நான்கு புள்ளி, ஒரு கோடு: அது 4. முதல் புள்ளி மங்கியிருந்ததால், மூன்று புள்ளி ஒரு கோடு என்று எண்ணி, கணினி அதை 'வி' ஆக்கியிருக்கிறது. மாணவர்களை அதே இடத்தை மூன்று முறை கேட்க வைத்தேன். மூன்றாம் முறை ஒரு சிறுமி, "இருக்கு ஐயா, லேசா இருக்கு" என்று அந்த முதல் புள்ளியைப் பிடித்துவிட்டாள்.

இந்தப் பிழை கண்ணில் படக்கூடியது. ஆஸ்கார் 7 'எச் ஐ' என்று தொடங்கி, ஆறு வரிசைகளில், வரிசைக்கு நான்காக, தன் நிலையைச் சொல்லும் மூன்றிலக்க எண்களை அனுப்பும். முதல் இலக்கம் வரிசையின் எண். ஆகவே நான்காம் வரிசை எண்களின் தொடக்கத்தில் 4 தவிர வேறெதுவும் வர முடியாது. ஆனால், அளவைச் சொல்லும் மற்ற இரண்டு இலக்கங்களுக்கு அந்தக் காவல் இல்லை. அங்கே 4இன் கடைசிக் கோடு தேய்ந்து புள்ளியாகக் கேட்டால் அது 5 ஆகிவிடும். தவறென்று யாருக்கும் தோன்றாது. கணினி அச்சிட்ட தாளை மட்டும் வைத்துக்கொண்டு ஒலிப்பதிவை அழித்துவிட்டால், பிறகு திருத்தவும் வழியில்லை.

எனவே வானவில் மன்றங்களிலும் அறிவியல் மன்றங்களிலும் வழிகாட்டும் ஆசிரியர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: ஒலிப்பதிவைத் தேதி, நேரத்துடன் பாதுகாத்து வையுங்கள்; இரண்டு மாணவர்களாவது தனித்தனியே காதால் கேட்டு எழுதட்டும்; கேட்காத இடத்தில் ஊகித்து நிரப்பாமல் வெற்றிடமாக விடட்டும். தந்தி அலுவலகத்தில் நாங்கள் ஐயம் வந்தால் மறுமுனையில் திரும்பக் கேட்போம். செயற்கைக்கோளிடம் அப்படிக் கேட்க முடியாது என்பதால், இங்கே இன்னும் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. மென்பொருள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் காது தவறவிட்ட இரண்டு இடங்களை அன்று அதுவே சரியாக எழுதியிருந்தது.

1961 டிசம்பரில் ஏவப்பட்ட முதல் அமெச்சூர் செயற்கைக்கோளான ஆஸ்கார் 1 அனுப்பியது 'எச் ஐ' என்ற இரண்டே எழுத்துகள். அவை வரும் வேகத்தை அளந்தே அதன் உள்வெப்பநிலையைக் கணக்கிட்டார்கள். இதே அளவீட்டை வகுப்பறையில் ஒரு கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு செய்து காட்டலாம்.

நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுபோனாலும், குறிகளைத் தட்டி அனுப்ப நான் பழகிய மோர்ஸ் சாவி இன்னும் வீட்டில் இருக்கிறது. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டாரங்களில் எந்தப் பள்ளி அழைத்தாலும், சனிக்கிழமைகளில் அதை எடுத்துக்கொண்டு வந்து கேட்டு எழுதும் பயிற்சி அளிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தந்தி ஊழியர்,
மன்னார்குடி.