கோமதிக்கு எதற்கு இரண்டு நிறம்?

பெயரைக் கொடுத்தால் நிறம் தரும் லைப்ரரிகளை எழுதும் நிரலாளர்களுக்கு,

வணக்கம். அரட்டைச் செயலியில் பெயருக்குப் பக்கத்தில் வரும் வண்ண வட்டம் சின்ன விஷயம்தான். ஆனால் நாலு நாள் பழகிவிட்டால் கண் பெயரைப் படிப்பதில்லை, நிறத்தைத்தான் தேடுகிறது.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், சர்வரை மறுபடி தொடங்கும்போதெல்லாம் வேலைப் பலகையில் எல்லாருடைய நிறமும் மாறிவிடும். தோண்டிப் பார்த்தால், யாரோ பைத்தான் நிரல்மொழியின் ஹாஷை (பெயரை ஒரு எண்ணாக மாற்றும் கணக்கு) அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். பைத்தான் 3.3 முதல், பாதுகாப்புக்காக, ஒரே பெயருக்கான ஹாஷ் ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறாக வரும். உங்களில் பலர் இந்தப் பள்ளத்தில் விழ மாட்டீர்கள், தெரியும்.

எக்ஸ்எம்பிபி என்ற திறந்த அரட்டை நெறிமுறைக்காரர்கள் எக்ஸ்இபி-0392 என்ற ஆவணத்தில் இதற்கு அழகான வழி சொல்லியிருக்கிறார்கள். பெயரை யுடிஎஃப்-8 முறைப்படி பைட்டுகளாக்கி (கணினி சேமிக்கும் எண்களாக்கி), ஷா-1 என்ற, எங்கும் மாறாத ஹாஷ் எடுத்து, அதில் 16 பிட்டை மட்டும் 360 பாகையில் பரப்பினால் நிற வட்டத்தில் ஒரு கோணம் கிடைக்கும். யார் கணினியில் கணக்கிட்டாலும் அதே நிறம். எங்கும் சேமிக்க வேண்டாம். சாதாரண எச்எஸ்எல் நிறக் கணக்கை விட்டு, எல்லா நிறமும் கண்ணுக்கு ஒரே வெளிச்சமாகத் தெரியும்படி அமைத்த எச்எஸ்லூவியை எடுத்ததால் மஞ்சள் கண்ணைப் பறிப்பதும் இல்லை, நீலம் இருண்டு போவதும் இல்லை.

என் வழக்கு அந்தப் பைட்டுகளோடுதான். 'கோமதி' என்று எழுதுங்கள். எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் அந்தக் 'கோ' இரண்டு விதமாக வரலாம்: ககரத்துக்குப் பின் ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது இரட்டைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. திரையில் வித்தியாசமே தெரியாது. இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது. ஷா-1 அப்படி நினைப்பதில்லை. ஒரு விசைப்பலகையில் அடித்த கோமதி பச்சை, இன்னொன்றில் அடித்த கோமதி ஆரஞ்சு! ஹாஷ் செய்வதற்கு முன், இரண்டு விதத்தையும் ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றினால் போதும், ஒரே வரி வேலை. தமிழுக்கு மட்டும் சலுகை கேட்கவில்லை. பிரெஞ்சில் தலையில் கோடு போட்ட எழுத்துகளுக்கும் இதே கதிதான்.

அப்புறம் இன்னொன்று. 10 நிறங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஹாஷ்படி பிரித்தால், 5 பேர் குழுவிலேயே யாராவது இருவர் ஒரே நிறத்தில் மாட்ட 100-க்கு 70 வாய்ப்பு. அப்போது கைகொடுப்பது வட்டத்துக்குள் இருக்கும் முதலெழுத்து. அதையும் முதல் யூனிகோடு குறியீட்டோடு வெட்டிவிடுகிறீர்கள், பின்னால் வரும் உயிர்க்குறி விழுந்துவிடுகிறது. கோமதி, குமார், கீதா மூவருமே வெறும் 'க'. பார்க்கிற தமிழருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

உங்கள் சோதனைக் கோப்பில் இந்த இரண்டு கோமதிகளையும் சேர்த்துவிடுங்கள். நேரமில்லை என்றால் சொல்லுங்கள், திருத்தத்தை நானே எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
பச்சையா ஆரஞ்சா என்று குழம்பிய ஒரு பயனர்