சீகூர் மலைப்பாதையில் ரொனால்டு ராஸ்: கண்காட்சிக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

கல்லட்டி, மசினகுடி மக்களுக்கும் ஊட்டி நண்பர்களுக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் 20, உலகக் கொசு நாளன்று நம் பள்ளியில் வைத்த கண்காட்சி நல்லபடியாக நடந்து முடிந்தது. நீங்கள் கைகொடுத்திராவிட்டால் என் ஒருவனால் ஆகியிருக்காது.

மலேரியா ஆராய்ச்சி என்றாலே செகந்திராபாத், கல்கத்தா என்றுதான் பேச்சு வரும். 1897-ல் விடுப்பில் ஊட்டிக்கு வந்த ராணுவ டாக்டர் ராஸ் நம் சீகூர் மலைப்பாதையில் இறங்கிப் போய்க் காய்ச்சலில் விழுந்ததும், இறக்கையில் புள்ளி உள்ள கொசுவை முதன்முதலாகக் கவனித்ததும் இங்கேதான். அது நம் பிள்ளைகளுக்கே தெரியாமல் இருந்ததுதான் எனக்கு ஆறாத குறை. அதே வருஷம் ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், புள்ளி இறக்கைக் கொசுவின் வயிற்றில்தான் அவர் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902-ல் நோபல் பரிசு, 1911-ல் சர் பட்டம்.

முதல் நன்றி, மைக்ராஸ்கோப்பைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே வந்த லேப் டெக்னீஷியன் தம்பிக்கு. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சிவப்பணுவுக்குள் ஊதா மோதிரம்போல் இருக்கும் கிருமியை ஒவ்வொரு பிள்ளைக்கும் பொறுமையாகக் காட்டினார். ராஸின் மைக்ராஸ்கோப்பில் திருகுகள் வியர்வை பட்டுத் துருப்பிடித்திருந்தன. அறுத்து வைத்த கொசு பறந்துவிடும் என்று விசிறிகூடப் போடாமல் புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இதைச் சொன்னதும் வரிசையில் நின்ற பிள்ளைகள் கப்சிப்!

ஆறாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி, “அந்தக் கொசுகிட்ட கடி வாங்கினவர் யார் சார்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. அவர் பெயர் உசேன் கான். மலேரியா நோயாளி. கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா கூலி. அவர் கை நீட்டாவிட்டால் ராஸுக்கு ஏது நோபல்? அன்று மதியமே அவர் பெயரில் தனி சார்ட் எழுதி ஒட்டிய ஓவிய ஆசிரியைக்கு நன்றி.

டிடிடி என்ற கொசு மருந்து அடிக்க வருவதற்கு முன் அடிவாரத்தில் காய்ச்சல் பட்ட பாட்டைச் சொன்ன இருளர் மூப்பருக்கும், மூடுபனியில் 36 கொண்டை ஊசி வளைவிலும் தட்டிகளைப் பத்திரமாக இறக்கிய ஜீப் அண்ணனுக்கும், சுக்குக் காப்பிக்குக் காசே வாங்காத டீக்கடை அக்காவுக்கும், இடம் கொடுத்த தலைமையாசிரியருக்கும் மனமார்ந்த நன்றி.

சார்ட்டுகள் எல்லாம் பள்ளியில்தான் இருக்கின்றன. பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்கு வேண்டுமென்றால் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், ஊட்டி